யாருக்கு நேர்ந்துகொண்டான்

ரோசம்மாவுக்குத் தெரிந்த வரையில் மனிதன் இரண்டே காரணங்களுக்காகத்தான் தன் உடம்பை ஆபத்தில் விடுவான். ஒன்று வயிறு. மற்றொன்று நேர்த்திக்கடன். பாம்பு கிடக்கும் காட்டுக்குள் விடியுமுன் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போவது வயிற்றுக்காக. மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவதும், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலில் முழங்காலாலேயே பீடம் வரைக்கும் போவதும் நேர்த்திக்காக. இவற்றில் சேராத மூன்றாவது காரணம் ஒன்று உண்டென்று 1984ஆம் வருஷம் வரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொன்னபோது அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது, தாலியறுத்தது எல்லாமே அவளுக்குச் சுங்கைப் பட்டாணிக்கு வெளியே இருந்த கிளென்மோர் தோட்டத்தில்தான். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் சனங்கள் அதை மூங்கில் தோட்டம் என்றார்கள். அங்கே வேதக்காரர்கள் ஏழெட்டுக் குடும்பம். மற்றவர்கள் எல்லாம் மாரியம்மன் பிள்ளைகள். ரோசம்மா நல்ல உழைப்பாளி, ஆனால் காரணம் தெரியாமல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டாள். இந்த மர நிரையை ஏன் மாற்றினீர்கள், இந்த மருந்தை ஏன் அடிக்கிறீர்கள் என்று, விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டிலேயே கங்காணியைக் குடைந்து எடுப்பாள். இவளுக்குப் பதில் சொல்லி மாளாது என்று கங்காணி அவள் பெயரை முதலில் கூப்பிட்டுக் காட்டுக்கு அனுப்பிவிடுவார்.

புருஷன் மரியராஜ் போய்ச் சேர்ந்தது 1971இல். தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நட்ட சமயம் அது. தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் பக்கம் சாய்ந்து நின்ற மரங்களை அப்படியே அறுத்துவிட முடியாது. ஓர் ஆள் உச்சிக்கு ஏறிக் கயிறு கட்ட வேண்டும், டிராக்டர் மறுபக்கம் இழுக்க வேண்டும். அப்படிக் கயிறு கட்டப் போனவர்தான் மரியராஜ். கிளை முறிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதோடு சரி, அங்கே செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. கேதரினுக்கு அப்போது ஏழு வயசு.

எங்களுக்காகத்தான் அந்த மனுஷன் உசுரைக் கொடுத்தார் என்ற நினைப்புதான் அதற்குப் பிறகு ரோசம்மாவை நிமிர்த்தி வைத்திருந்தது. மரம் ஏறுகிறவனுக்குக் கூடுதல் சம்பளம், அதனால் ஏறினார், அதனால் செத்தார். கணக்கு நேராக இருந்தது. மறு கல்யாணப் பேச்சு வந்தபோது இந்தக் கணக்கைச் சொல்லித்தான் வாயை அடைத்தாள். மகள் தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால், “இந்தச் சோத்துக்காகத்தான் உங்கப்பா மரத்துல ஏறினாரு” என்பாள். கேதரின் வழித்துத் தின்றுவிடுவாள். அந்தப் பெண் இருபது வயசு வரைக்கும் ஒரு பருக்கையை வீணாக்கியதில்லை.

மகள் சுங்கைப் பட்டாணியில் சட்டை தைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துக் கோயில் பாட்டுக் குழுவில் பாடினாள். அதே குழுவில் கித்தார் வாசித்தவன் டெஸ்மண்ட். மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை, குடிப்பழக்கம் கிடையாது, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான். பட்டறைக்காரன் நகத்தில் இவ்வளவு சுத்தத்தை ரோசம்மா பார்த்ததே இல்லை. ஒரு வாரம் குற்றம் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டாள்.

கத்தோலிக்கக் கல்யாணமென்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயரைப் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார். ஓலை வாசிப்பது என்று பெயர். முதல் ஓலை வாசித்த அன்று ரோசம்மா பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது காற்றில் மிதந்துதான் வந்தாள் என்று சொல்ல வேண்டும். அன்று மத்தியானத்தோடு அந்தச் சந்தோஷம் முடிந்தது.

தோட்டத்துக்குப் பின்னால், மரம் சாய்த்துவிட்டு வெறுமனே கிடந்த செம்மண் மேட்டில் இரண்டு வருஷமாகப் பட்டணத்துப் பையன்கள் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டோகிராஸ் என்றார்கள். முதலில் நாலைந்து பேர் வந்து விழுந்து எழுந்து போனார்கள். பிறகு மானேஜரிடம் அனுமதி வாங்கி, டிராக்டரை விட்டு மேடுபள்ளம் வெட்டி, பழைய டயர்களை வரிசையாக நட்டு, ஒலிபெருக்கி கட்டினார்கள். அலோர் ஸ்டாரிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் கூட்டம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் கால்வாய் தாண்டப் பழகினார்கள், ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் துணி தீர்ந்துபோனது. ரோசம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பட்டணத்தில் பழுது பார்த்த வண்டிகளை இங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று சந்தோஷத்தில் இருந்தவளைப் பக்கத்து வீட்டு ராக்காயி மேட்டில் நடந்த பந்தயத்தைப் பார்க்க இழுத்துக்கொண்டு போனாள். ராக்காயி புல் வெட்டி மருந்தடிக்கும் வெளிக்காட்டு வேலைக்காரி, ரோசம்மாவைவிட ஏழெட்டு வயசு மூத்தவள், மகன் காய்ச்சலில் பிழைத்ததற்காக இரண்டு தரம் தீ மிதித்தவள். மேட்டின் ஓரத்தில் சுங்கைப் பட்டாணி அன்சார் கடை போட்டிருந்தார். பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், கூட்டம் இருக்கும் இடத்துக்கெல்லாம் ரோஜாத் தண்ணீரும் மீ கோரேங் என்கிற மலாய் வறுத்த நூடுல்ஸும் கொண்டுவருவார்.

“ஜெயிச்சா என்ன குடுப்பாங்க அண்ணே?” என்று ரோசம்மா கேட்டாள்.

“ஒரு கப்பு. தகரக் கப்பு.”

“அதுக்கா இந்தப் பாடு?”

“எனக்கும் வெளங்கலதான்மா. போன வருசம் ஒரு வாளி தண்ணி கலக்கினேன். இந்த வருசம் பீப்பாய்ல கலக்குறேன், பத்தல. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்குறதில்ல.”

அந்த நேரம் ஒரு கூட்டம் வண்டிகள் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறின. ஏறியவை இறங்கவில்லை. அப்படியே காற்றில் போயின. ரோசம்மா ராக்காயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் மற்றவர்களைவிட உயரமாகப் பறந்தான், வண்டி ஒரு பக்கமாகத் திரும்பியது, ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று தரையில் விழுந்து புரண்டான். சனங்கள் ஓவென்று கத்தினார்கள். அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றினான். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பல்லெல்லாம் செம்மண். காலையில் கோயிலில் யார் பெயரைப் படித்தார்களோ அந்த டெஸ்மண்ட் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

ரோசம்மா பிடித்திருந்த ராக்காயியின் கையை விட்டாள். விழுந்ததுகூடப் பெரிதில்லை. விழுந்தவன் எதற்குச் சிரிக்கிறான் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. ராக்காயி கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

கேதரின் அடுப்படியில் இருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

மகள் எதை என்று கேட்கவில்லை. “தெரியும்மா.”

“எத்தன நாளா?”

“மொதல்லேருந்து.”

“எதுக்குடி அப்படி ஓட்டுறாரு?”

“சும்மாதாம்மா.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான். எப்படிச் சொல்றது.”

சும்மா என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கலாம், சும்மா பேசிக்கொண்டிருக்கலாம். சும்மா ஒருவன் கழுத்தை முறித்துக்கொள்வானா? இதை அவள் ராக்காயியிடம் தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டாள். ராக்காயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள்.

“ரோசு, நீ வேதக்காரி, உனக்குத் தெரியாது. அந்தத் தம்பி எதுக்கோ நேர்ந்துக்கிட்டிருக்கு.”

“மோட்டார் ஓட்டவா நேருவாங்க?”

“அலகு குத்திக்க நேரலையா? தீ மிதிக்க நேரலையா? பட்டறைக்கார ஆளு, தெரிஞ்சத நேர்ந்திருக்கும். ஆத்தாளுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும். மஞ்சச் சட்ட போட்டிருந்துச்சு, பாத்தியா?”

ரோசம்மாவின் மனசு அப்படியே இறங்கி உட்கார்ந்தது. காரணம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் சாட்சியாகப் போனது. பந்தயத்துக்கு முந்தின நாளிலிருந்து அவர் கறி மீன் தொடமாட்டார், பச்சைப் பயறுக் கஞ்சி மட்டும்தான் என்று கேதரின் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். வண்டியில் ஏறுமுன் சிலுவை போட்டுக்கொள்வானாம். கழுத்தில் அந்தோணியார் பதக்கம் இருக்கிறதாம். விரதம், சிலுவை, மஞ்சள் சட்டை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இரண்டு பெண்களும் முடிவு கட்டினார்கள். வயிறு கனமாக இருந்தால் குதிக்கும்போது குமட்டும், அதனால்தான் கஞ்சி என்பதையோ, அவனுடைய பட்டறை முதலாளி எல்லாருக்கும் மஞ்சள் சட்டைதான் வாங்கிக் கொடுத்திருந்தார் என்பதையோ யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

டெஸ்மண்டையே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அங்கேதான் ராக்காயி குறுக்கே கட்டை போட்டாள். நேர்ந்துகொண்டவனிடம் என்ன நேர்ந்தாய் என்று கேட்கவே கூடாது, வாய்விட்டுச் சொன்னால் நேர்த்தி கெட்டுப்போகும், கேட்டவளுக்கும் ஆகாது. ரோசம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவள் இல்லைதான். ஆனால் நாற்பது வருஷம் அதே குழாயில் தண்ணீர் பிடித்தவள். கேட்கவில்லை.

புதன்கிழமை நவநாள் பூசைக்குப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினாள். பூசை முடிந்ததும் ஜெரார்ட் சாமியாரைப் பின்வாசலில் பிடித்தாள். அவர் தமிழ்ச் சாமியார், நல்ல மனுஷன், சர்க்கரை வியாதிக்காரர், பூசை முடிந்தால் உடனே எதையாவது சாப்பிட்டாக வேண்டும். கையில் பிஸ்கட்டோடு நின்றார்.

“சாமி, ஒருத்தர் எதுக்கோ நேர்ந்து பொருத்தனை பண்ணியிருந்தா அத வேறயா மாத்திக் குடுக்க முடியுங்களா?”

“சில சமயம் முடியும்மா. பொருத்தனை பண்ணின ஆளே வந்து கேக்கணும். யாரு, நீங்களா?”

“இல்லீங்க. எங்க மாப்பிள்ள. டெஸ்மண்டு. அவரு வாயால சொல்ல மாட்டாரு, அதனால நான் வந்தேன். ஆளுயரத்துக்கு மெழுகுவத்தி வாங்கி வைக்கிறேன். அன்னம்மா கோயில்ல அவருக்குப் பதிலா நான் முழங்கால் போடுறேன். ஓலை முடியறதுக்குள்ள மாத்திக் குடுத்திருங்க சாமி.”

“என்ன பொருத்தனை?”

“மோட்டார்ல பறக்குறது.”

சாமியார் கடித்த பிஸ்கட்டை விழுங்க மறந்துபோனார். அவர் சிரிக்கவில்லை என்பதை ரோசம்மா பிற்பாடு பெரிய உபகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

“அம்மா, அவன் பொருத்தனை எதுவும் பண்ணல. அந்த வண்டிய மந்திரிக்க எங்கிட்டதான் கொண்டாந்தான். நானும் உங்கள மாதிரிதான் கேட்டேன், எதுக்குடா இதுன்னு. அது ஆசை சாமின்னான். அவ்வளவுதான்.”

“ஆசைன்னா, கப்பு மேலயா?”

“இல்ல. அது மேலயே.”

“எது மேலயே?”

சாமியார் அங்கியில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார். “எனக்கும் சரியாச் சொல்லத் தெரியலம்மா. இப்ப எல்லா ஊர்லயும் இப்படித்தான் இருக்கு. ஆகாயக் கப்பல்லேருந்து குதிக்கிறாங்க, மலையிலேருந்து துணிய விரிச்சுப் பறக்குறாங்க. பேப்பர்ல படம் போடுறாங்க. பாவமான்னு கேட்டா, பாவம்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

ரோசம்மா பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பஸ் ஒன்று வந்து போய்விட்டது. வயிறும் இல்லை, நேர்த்தியும் இல்லையென்றால் மகளை எந்த நம்பிக்கையில் கட்டிக் கொடுப்பது? வயிற்றுக்காகப் போகிறவனை வயிறு நிறைந்தால் நிறுத்தலாம். நேர்ந்துகொண்டவன் கடன் முடிந்ததும் நின்றுவிடுவான். ஒன்றுமில்லாமல் போகிறவனை எதைச் சொல்லி நிறுத்துவது? தன்னைப்போல இவளும் முப்பது வயசுக்குள் வெள்ளைச் சேலை கட்டப் போகிறாளா என்று நினைத்தாள்.

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டபோது அவள் பெஞ்சுப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது தடையா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. தன் பக்கம் அவர் பார்த்த மாதிரி இருந்தது, அது அவளுடைய பிரமையாகவும் இருக்கலாம்.

அன்று பிற்பகல் செம்மண் மேட்டுக்குத் தனியாகப் போனாள். பந்தயம் இல்லை, நாலைந்து பேர் பழகிக்கொண்டிருந்தார்கள். டெஸ்மண்ட் மணிக்கட்டில் கட்டோடு வந்திருந்தான். போன வாரம் விழுந்ததில் அடிபட்ட கை. அவளைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிவந்தான். கூச்சம், பயம் இரண்டும் முகத்தில் இருந்தன.

“அத்தை, வெயில்ல ஏன் வந்தீங்க? சொல்லியனுப்பினா நான் வந்திருப்பேன்லா.”

“மாப்பிள்ள, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும். யாருக்காக இதப் பண்றீங்க?”

“யாருக்காகவும் இல்ல அத்தை.”

“பின்ன எதுக்கு?”

அவன் நல்லபடியாகப் பதில் சொல்லத்தான் பார்த்தான். தரையைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான். “மேல போனதும் ஒரு நேரம் வரும் அத்தை. சத்தமே கேக்காது. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. அந்த நேரத்துக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல. சும்மாதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். கிழிந்த உதடு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சிரிப்பை ரோசம்மாவுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது அவளை அங்கே நிற்கவிடாமல் விரட்டியதும் அதுதான், ஆனால் எங்கே பார்த்தோம் என்று அப்போது பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டது. மரம் சாய்த்த அந்த இரண்டு மாசமும் மரியராஜ் சாயந்திரம் இப்படித்தான் வீட்டுக்கு வந்தார். மேலெல்லாம் சிராய்ப்பு, தலையில் மரத்தூள், பல்லெல்லாம் சிரிப்பு. அதற்கு முன் பத்து வருஷம் பால்மரம் வெட்டிவிட்டு வந்த மனுஷன் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. சம்பளம் கூட வருகிற சந்தோஷம் என்று அவள் நினைத்திருந்தாள்.

டெஸ்மண்டை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். நேராக ராக்காயி வீட்டுக்குத்தான் போனாள். ராக்காயி அந்தக் காலத்தில் அதே மரம் சாய்க்கிற இடத்தில் கிளை பொறுக்கி அடுக்கியவள்.

“அக்கா, உங்கள நான் எப்பவும் கேட்டதில்ல. இப்பக் கேக்குறேன். மரத்துல ஏறுற ஆளுக்குக் கூடச் சம்பளமா?”

ராக்காயி முறத்தை ஓரமாக வைத்தாள். “இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்க.”

“இல்ல. மரம் சாய்க்கிற வேலைக்கே கூடச் சம்பளம், ஆனா ஏறினவருக்கும் கீழ நின்னவருக்கும் ஒண்ணுதான்.”

“பின்ன ஏன் அவர ஏத்தினாங்க?”

“ஏத்தல ரோசு. கண்ட்ராக்டர் மொத நாளே சொன்னாரு, புள்ளக்காரன் நீ கீழ நின்னு கயிறப் புடின்னு. இவருதான் கேக்கல. நான் ஏறுறேன், நான் ஏறுறேன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நிப்பாரு. உச்சில நின்னுக்கிட்டு எங்களப் பாத்துச் சீட்டியடிப்பாரு. கட்டி முடிச்சாலும் எறங்க மாட்டாரு, கண்ட்ராக்டர் கத்தணும்.” ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எழவு வீட்டுல நீ, எங்களுக்காகப் போயிட்டியேன்னு சொல்லி அழுத. அந்த நேரத்துல நான் என்னத்தச் சொல்ல? அப்புறம் சொல்ல வாய்க்கல.”

வீட்டுக்கு வந்து ரோசம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். சுவரில் மரியராஜின் படம் இருந்தது. விதவையாக இருந்த பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் புருஷன் மேல் கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை, கையில் கிடைத்தால் நாலு சாத்துச் சாத்தியிருப்பாள். நீ பாட்டுக்கு ஆசைக்கு ஏறிவிட்டுப் போய்விட்டாய், நான் உன்னைத் தியாகி என்று தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தேனே, பாவி மனுஷா என்று படத்தைப் பார்த்துத் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் உச்சியில் நின்று சீட்டியடிப்பது கண்ணுக்குள் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார். அதை நினைத்தால் கோபமும் போகவில்லை, அழுகையும் நிற்கவில்லை, நடுவில் ஒரு மாதிரி சிரிப்புக்கூட வந்தது. தனக்கு என்ன ஆகிறதென்றே அவளுக்குப் புரியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் பெரட்டில் கங்காணியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கங்காணியே விசாரித்தார்.

சனிக்கிழமை சாயந்திரம் கேதரின் மறுநாள் கோயிலுக்குப் போட ரவிக்கையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரோசம்மா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“கேதரின், உங்கப்பா நமக்காகச் சாவல.”

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“கீழ நிக்கச் சொல்லியிருக்காங்க. ஆசைப்பட்டு ஏறியிருக்காரு. சம்பளமும் ஒண்ணுதானாம். ராக்காயி அக்கா சொல்லிச்சு. நான் தெரியாமத்தான் அப்படிச் சொல்லிச் சொல்லி உனக்குச் சோறு போட்டுட்டேன்.”

“ம்மா.”

“இரு, சொல்லிடறேன். இந்தத் தம்பியும் அதே ரகந்தான். கெட்டவரு இல்ல, உன்ன நல்லா வச்சிருப்பாரு. சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவாரு. ஆனா ஒரு நாளு வராமப் போனா, எனக்காகப் போனாருன்னு நெனச்சுக்காத. அப்படி நெனச்சுக்கிட்டு வயசக் கழிச்சிராத. நான் கழிச்சிட்டேன்.”

கேதரின் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

“ஓலைய நிறுத்தணுமாம்மா?”

“நான் நிறுத்த மாட்டேன். நீ நிறுத்தினா உன் பக்கம் நிப்பேன். நீதான் கட்டிக்கப் போறவ.”

“எனக்கும் பயமாத்தான்மா இருக்கு. அவரு மேல போகும்போது கண்ண மூடிக்கிறேன். ஆனா வந்து எறங்கினதும் அவரு மூஞ்சியப் பாக்கணும்போல இருக்கு. என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல.”

மூன்றாம் ஓலையின்போது கோயிலில் கூட்டம். பாட்டுக் குழுவில் கேதரின் முன் வரிசையில் நின்றாள், பின்னால் கட்டுப்போட்ட கையில் கித்தாரோடு டெஸ்மண்ட். சாமியார் பெயர்களைப் படித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தார். ரோசம்மா மகளைப் பார்த்தாள். கேதரின் தலை குனிந்து நின்றாள். யாரும் பேசவில்லை. சாமியார் தாளை மடித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது டெஸ்மண்ட் காத்துக்கொண்டிருந்தான். முகம் வாடியிருந்தது.

“அத்தை, காலையில கேதரின் எல்லாம் சொன்னுச்சு. மாமாவப் பத்தியும் சொன்னுச்சு.” கித்தாரை மறு தோளுக்கு மாற்றினான். “நான் விட்டுடறேன் அத்தை. வண்டிய வித்துடறேன். உங்களுக்காக, கேதரினுக்காக.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இரண்டு வாரமாகக் கிடந்து தவித்தாள். இதற்காகத்தான் ஆளுயர மெழுகுவத்தி வைக்கிறேன் என்றாள். கேட்ட வரம் எதிரில் வந்து நின்றபோது அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

“எங்களுக்காக விடாதீங்க மாப்பிள்ள. உங்களுக்கே போதும்னு தோணும்போது விடுங்க. எங்களுக்காகன்னு சொல்லி எங்க வீட்டுல இனிமே யாரும் எதுவும் பண்ண வேணாம்.”

அவன் புரியாமல் நின்றான். சொன்ன பிறகுதான் ரோசம்மாவுக்கு உறைத்தது, விட்டுவிடுகிறேன் என்றவனைத் தானே மறுபடி மேட்டில் ஏற்றிவிட்டோம் என்று. ஐயோ, இல்லை, விட்டுவிடுங்கள் என்று மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். பக்கத்தில் கேதரின் வந்து அவள் கையைப் பிடித்தாள். ரோசம்மா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.